வரையாடும் அது நிற்கும் வரையும்

கொங்கு நாட்டு இல்லங்களின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளைச் சற்று உற்று நோக்குங்கள். மளிகைக் கடையார் அளித்ததாயினும் சரி, மோட்டார் பம்பு நிறுவனத்தார் அளித்ததாயினும் சரி, வனவிலங்குப் படம் என்றால் புலியின் முகமோ யானையின் நெற்றியோ தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். மீசை மயிரை எண்ணிவிடலாம். ஆனால் அப்புலி எந்தக் காட்டில் நின்றது, அதன் காலடியில் இருந்தது புல்லா பாறையா, அல்லது அது கம்பிக் கூண்டினுள்ளேயே வளர்ந்த புலியா என்பதை அப்படத்தைப் பார்த்து எவராலும் கூற இயலாது. ஊரும் பேரும் அறியாத விருந்தாளியைப் போல் அது நம் வீட்டில் ஓராண்டு தங்கிவிட்டுப் போய்விடுகிறது.

விலங்கை அது வாழும் இடத்தோடு சேர்த்துப் படமெடுப்பது எவ்வாறு, எடுத்த படத்தின் ஓரங்களை எவ்வளவு நறுக்கலாம், எங்கே நறுக்கக் கூடாது என்பதை நேரில் பார்த்தறியும் ஆவலோடு, நாங்கள் நால்வர் அண்மையில் வால்பாறைக்குப் புறப்பட்டோம். எங்களிடம் இருந்தவை ஒரு பழைய காமிராவும், இரண்டு கைப்பேசிகளும், கட்டுச்சோறும்தான். பெரிய லென்ஸ் எவரிடமும் இல்லை. அது குறையன்று என்பதை மலை ஏறியபின் கண்டுகொண்டோம்.

கோவையிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டர் சென்றால் பொள்ளாச்சி. அதன்பின் இருபுறமும் தென்னந்தோப்புகள். ஆழியாறு அணையைக் கடந்ததும் தோப்புகள் திடீரென விலக, ஆனைமலை சுவர்போல் எதிரே எழுந்து நிற்கிறது. இங்கிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. வண்டியில் வரும் குழந்தைகள் அவற்றை உரக்க எண்ணத் தொடங்குவார்கள்; பதினைந்தைத் தாண்டுமுன் பாதிப் பேர் தலைசுற்றி வாயை மூடிக்கொள்வார்கள்.

லோம்ஸ் காட்சிமுனை என வழங்கும் 9ஆம் வளைவில் வரையாடுகள் நின்றன. சாலையின் ஓரச்சுவருக்கு அப்பால் செங்குத்தான பாறைச் சரிவு. அதன்கீழே வெகு ஆழத்தில் ஆழியாறு நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி. சங்கப் பாடல்களில் வருடை என்று பெயர் பெற்ற விலங்கு இதுவே. தமிழகத்தின் மாநில விலங்கும் இதுதான். இதனைக் காப்பதற்கென 2023இல் மாநில அரசு தனித் திட்டமே தொடங்கியது.

எங்களுள் இளையவர் ஒரே ஆட்டை மூன்று விதமாக எடுத்தார். முதலாவதில் முகமும் கொம்பும் மட்டும். இரண்டாவதில் முழு உடல். மூன்றாவதில் ஆடு ஒரு மூலையில் விரல் நுனியளவு தெரிய, பாறையும் பள்ளமும் நீரும் வானும் மற்ற இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டன. மூன்றாவது படத்தைக் கைப்பேசியில் பார்த்த எங்கள் ஓட்டுநர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, ஆட்டைப் படம் புடிச்சீங்களா, மலையைப் புடிச்சீங்களா? ஆடு இத்தனூண்டுதானுங்க தெரியுது!"

நியாயமான வினாதான். பெரும்பாலோர் அவ்வாறே எண்ணுவார்கள். ஆயினும் வரையாட்டின் வாழ்வை நினைத்துப் பாருங்கள். மேலேயுள்ள புல்வெளி அதற்கு உணவு. செங்குத்துப் பாறை அதற்குக் கோட்டை. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அது ஓடி ஒளிவது புதருக்குள் அன்று. வேறெவரும் கால்வைக்க இயலாத பாறை முகப்பில் நான்கு குளம்புகளையும் ஊன்றி நின்றுகொள்ளும். வரை என்றால் மலை, மலைச்சரிவு. வரையை நீக்கிவிட்டால் பெயரிலும் படத்திலும் எஞ்சுவது வெறும் ஆடுதான். முதற் படத்தைப் பொள்ளாச்சிச் சந்தையில் காட்டினால், "என்ன விலைக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டாலும் வியப்பில்லை!

அதுமட்டுமன்று. அந்த முதற் படம் நம்மிடம் ஒன்றை மறைக்கிறது. பார்ப்பவர், எவரோ அருஞ்சாதனையாளர் காட்டினுள் பலநாள் பதுங்கியிருந்து எடுத்ததாக எண்ணுவார். உண்மையில் ஆடு நின்றது தார்ச் சாலையின் ஓரத்தில். வண்டிகளுக்கும் மனிதருக்கும் பழகி அச்சம் நீங்கிவிட்ட ஆடு அது. வனத்துறையின் எச்சரிக்கைப் பலகைக்கு எதிரிலேயே பிஸ்கட்டு நீட்டுவோரும் இருக்கிறார்கள். பிஸ்கட்டையும் பலகையையும் சாலையையும் நறுக்கியெறிந்துவிட்டு முகத்தை மட்டும் காட்டும்போது, எந்தத் துயரைப் பார்வையாளர் அறிய வேண்டுமோ அதையே நாம் குப்பையில் இடுகிறோம்.

அப்படியானால் விலங்கைச் சிறிதாக எடுத்தாலே நல்ல படமாகிவிடுமா? இல்லை. சிறிதாயினும் கண் முதலில் போய் உட்காரும் இடம் அதுவாகவே இருக்க வேண்டும். பழுப்பு நிற ஆடு பழுப்புப் பாறையின் முன் நின்றால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதே ஆடு ஓரடி நகர்ந்து வானத்தின் முன்போ மூடுபனியின் முன்போ வந்தால், கடுகளவு இருந்தாலும் கொம்பின் வளைவு துல்லியமாய்த் தெரியும். அந்த ஓரடிக்காகக் காத்திருப்பதே இக்கலையின் பெரும்பகுதி. முதலில் இடத்தைத் தேர்ந்து, சட்டத்தை அமைத்துக்கொண்டு, விலங்கு அதற்குள் வந்து நிற்கட்டும் என்று பொறுத்திருப்பவர்களே நல்ல படங்களைக் கொண்டுவருகிறார்கள். ஆட்டின் பின்னால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆட்டின் பின்புறமே கிடைக்கிறது.

காமிரா உள்ளோர் மற்றொன்றையும் கவனிக்கலாம். லென்ஸின் துளையை அகலத் திறந்தால், அதாவது எஃப் 4 போன்ற எண்ணில் வைத்தால், விலங்கு தெளிவாகவும் பின்னணி பஞ்சுபோலக் கரைந்தும் விழும். திருமணப் படங்களில் மணமகளுக்கு அது அழகு. காட்டில் அவ்வாறு கரைத்துவிட்டால், நறுக்காமலேயே இடத்தை நறுக்கிவிட்டதாக ஆகும். எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சுருக்கினால் தொலைவிலுள்ள மலையும் உருவம் பெறும். விலங்கு எத்திசையில் பார்க்கிறதோ அத்திசையில் சற்று வெளி விட வேண்டும் என்பது பழைய விதி. பாறை விளிம்பில் நின்று பள்ளத்தை நோக்கும் ஆட்டுக்கு முன்னே அப்பள்ளம் இல்லாவிட்டால், சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

இனி நறுக்குதல். இது நேற்று வந்த வித்தையன்று. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோ இருட்டறைகளில் என்லார்ஜரின் கீழே தாளை வைத்து, இரும்புப் பட்டைகளை இப்படியும் அப்படியும் தள்ளி, எது உள்ளே எது வெளியே என்று தீர்மானித்தே படம் போட்டார்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கினால் மணல் கொட்டியதுபோல் புள்ளிகள் எழும். ஆகவே அன்று கைகள் தாமாகவே அடங்கியிருந்தன. இன்று விரலால் இழுத்தால் போதும். 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட படம், அதாவது 24 மெகாபிக்ஸல். அதன் அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தால், பாதி மீந்ததாக நினைப்போம். மீந்தது கால்பங்கு, 6 மெகாபிக்ஸல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அது 10 அங்குல அகலத்துக்கே நன்கு அச்சாகும். அதே படத்தைக் கைப்பேசித் திரைக்குப் பொருந்த நெட்டுக்குத்தாக நறுக்கினாலோ, நூற்றுக்கு 37 பங்கு அளவே மிஞ்சும். மலைச்சரிவின் அகலம் முழுவதும் போய், ஆடு கிணற்றுக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும்.

இல்லத்திலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு முறை உண்டு. பழைய திருமண அழைப்பிதழின் கெட்டி அட்டையில் 'ட' எழுத்துப் போன்ற இரு துண்டுகளை வெட்டி, ஒன்றைத் தலைகீழாக்கி எதிரெதிரே வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். அச்சிட்ட படத்தின்மேல் அதை வைத்து, சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். ஓரத்தில் வெறுமே கிடக்கும் வெள்ளை வானம் போகலாம். அரைகுறையாய் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை போகலாம். அடுத்த ஆட்டின் பாதி உடல் போகலாம். "இனிமேல் நறுக்கினால் இது எந்த இடம் என்று தெரியாது" என்னும் ஓர் எல்லை வரும். அங்கே கை நிற்க வேண்டும். குளம்பை மட்டும் வெட்டிவிடுதல், வால் நுனியைத் துண்டித்தல் ஆகியவை கண்ணுக்கு உறுத்தும். சிறுவர்களிடம் அட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்களைவிட அவர்களே எல்லையைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்!

இவ்விடத்தில் மா. கிருஷ்ணனை நினையாமல் மேலே செல்லலாகாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மைந்தர், 1912இல் பிறந்தவர், 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியவர். பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழிலும் அருமையாக எழுதியிருக்கிறார். பல உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிய கனத்த காமிரா ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். தானே குவியம் காணும் காமிரா வருவதற்கு நெடுநாள் முன்பே தம் பணியைத் தொடங்கியவர் அவர். அவருடைய யானைப் படங்களைப் பார்ப்பவருக்கு, வழவழப்பான இன்றைய வண்ணப் படங்களோடு ஒப்பிட்டால் மங்கலாகக்கூடத் தோன்றலாம். எம் கருத்தில் அவையே மேலானவை. அவர் விலங்கின் வாழ்க்கையைப் பார்த்து எழுதியவர். படமும் அவருக்கு எழுத்தின் உடன்பிறப்பாகவே இருந்தது.

வளைவுகள் முடிந்து வால்பாறைக்குள் நுழைந்ததும் வேறொரு சிக்கல் எதிர்ப்படுகிறது. இங்கே இயற்கை எது, மனிதன் செய்தது எது? கண்ணுக்கெட்டியவரை தேயிலை. ஒரு காலத்தில் இம்மேட்டுநிலம் முழுவதையும் மூடியிருந்த மழைக்காடு, இன்று தேயிலைக்கு நடுவே சிறு சிறு சோலைத் துண்டுகளாய்க் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போக யானைகள் தேயிலையின் ஊடேதான் நடக்கின்றன. யானை வந்திருப்பதைத் தோட்டத் தொழிலாளருக்குக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் அறிவிக்கும் ஏற்பாடு இங்கே நடைமுறையில் உள்ளது. அப்படியிருக்கத் தேயிலையை நறுக்கிவிட்டு யானையை மட்டும் காட்டுவது, அந்த யானையின் துன்பத்தையும், விடியலில் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய்மாரின் அச்சத்தையும் ஒருசேர மறைப்பதாகும்.

புதுத்தோட்டம் என்னும் சோலைத்துண்டின் அருகே சிங்கவால் குரங்குகளைக் கண்டோம். கரிய முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். மரத்தை விட்டு இறங்க விரும்பாத இக்குரங்குகள், மரங்கள் இடைவெளி விட்டுப்போனதால் சாலையில் இறங்கி, வண்டிகளில் அடிபட்டு மாண்டன. ஆகவே சாலைக்கு மேலே, தீயணைப்புக் குழாய் போன்ற பட்டைகளால் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். தாய் ஒன்று குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்பாலத்தின் மீது நடந்தது. கீழே அரசுப் பேருந்து ஒன்று மெதுவாகக் கடந்தது.

பேருந்தை நறுக்குவதா? எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. மூத்தவர், காட்டுப் படத்தில் பேருந்து எதற்கு, பிடரியின் ஒளியே போதும் என்றார். மறுத்தவர்களுக்கு உலகளாவிய சான்றும் கிடைத்தது. பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பும், அமெரிக்க ஒளிப்படச் சங்கமும், இங்கிலாந்தின் அரச ஒளிப்படச் சங்கமும் 2014இல் சேர்ந்து வகுத்த விதி ஒன்று உண்டு. இயற்கைப் படத்தில் எதையும் சேர்க்கவோ இடம் மாற்றவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தை நறுக்குதல் மட்டும் ஆகும். மனிதன் செய்த பொருள்கள் இருக்கலாகாது. ஆயினும் அவை விலங்கின் கதையிலேயே பிரிக்கவொண்ணாப் பகுதியாயின் விலக்கு உண்டு. மனிதன் மாற்றிவிட்ட சூழலுக்குப் பழகிக்கொண்ட ஆந்தையையும் நாரையையும் அவ்விதியே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் 2016இல் நகர்ப்புறப் பிரிவின் பரிசை வென்றவர் மும்பையின் நயன் கானோல்கர். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புச் சந்தில் இரவில் நடக்கும் சிறுத்தை அவருடைய படம். சந்தை நறுக்கியிருந்தால் அது எத்தனையோ சிறுத்தைப் படங்களுள் ஒன்று. அதே போட்டியில், விலங்குகளைத் தம் சூழலில் காட்டும் பிரிவு தனியாகவே உண்டு. 2020இல் அப்பிரிவிலும் ஒட்டுமொத்தப் போட்டியிலும் முதலிடம் பெற்ற செர்கேய் கோர்ஷ்கோவ், ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஒரு முதிய மரத்தைத் தழுவி நிற்கும் பெண்புலியை எடுத்தவர். தானியங்கிக் காமிராவை வைத்துவிட்டு அவர் காத்திருந்தது பதினொரு மாதங்களுக்கும் மேல்.

எங்கள் வாதத்தில் பேருந்து வென்றது. மூத்தவர் இன்னும் முழுமனதாக ஒப்பவில்லை என்பதையும் கூறிவிட வேண்டும்.

நறுக்குதலை இதுவரை குறை கூறியே வந்தோம். அது அருளாகும் இடமும் உண்டு. வால்பாறைச் சோலைகளில் வாழும் இருவாச்சிப் பறவை முதிய மரத்தின் பொந்தில் முட்டையிடும். பெண் பறவை உள்ளே புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, சிறு பிளவின் வழியே ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். மனிதர் மரத்தடியில் கூடி நின்றால் ஆண் பறவை வரத் தயங்கும், உள்ளே பட்டினி. கூட்டின் அருகே எடுத்த படங்களைப் பல போட்டிகள் ஏற்காமல் ஒதுக்குவது இதனாலேயே. இத்தகைய இடங்களில் வெகுதொலைவில் நின்று எடுத்துவிட்டுப் பின்னர் வீட்டில் நறுக்கிக்கொள்வதே முறை. நாலு அடி முன்னே வைப்பதைவிட நாலு விரல் நறுக்குவது மேல். சரணாலயத்தினுள் படமெடுக்க அனுமதி வழங்கும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும், 2022இல் திருத்தப்பட்டபோது, வாழிடத்தில் மாற்றமோ விலங்குக்கு ஊறோ விளைவிக்காத படப்பிடிப்பு என்று தெளிவுபடுத்தியிருக்கிறது.

மலையேற வசதியற்றோர் வருந்த வேண்டியதில்லை. கோவை நகரிலேயே நொய்யலாற்றின் நீர் பெறும் குளங்கள் இருக்கின்றன. சிங்காநல்லூர், உக்கடம், கிருஷ்ணாம்பதி, சற்றுத் தள்ளிச் சூலூர். காலையில் டவுன் பஸ் ஏறிப் போனால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நீலத் தாழைக்கோழியும் காத்திருக்கும். அங்கே நாரையின் பின்னே அடுக்குமாடி வீடும், ஆகாயத் தாமரையும், சாக்கடை நுரையும் தெரியும். பலர் அவற்றை விலக்கும் கோணம் தேடி அலைகிறார்கள். ஒரு படம் அவ்வாறு எடுங்கள். மறு படத்தில் அவற்றையும் உள்ளே விடுங்கள். பத்தாண்டு கழித்து, இக்குளத்தில் எவ்வளவு நீர் இருந்தது, கரையில் எத்தனை மரம் இருந்தது என்பதற்கு இரண்டாவது படமே சாட்சி சொல்லும்.

மதுக்கரையில் அத்தகைய சாட்சியம் உயிர் காக்கும் பணியாகவே மாறியிருக்கிறது. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே இருப்புப் பாதை யானைகளின் வழியைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. 2021 நவம்பர் 26 அன்று இரவு நவக்கரை அருகே மங்களூரு–சென்னை ரயிலில் அடிபட்டு ஒரே இடத்தில் மூன்று யானைகள் மாண்டன. அதன்பின் 2024இல் அப்பகுதியில் கோபுரங்கள் நட்டு, செயற்கை நுண்ணறிவோடு இயங்கும் காமிராக்களை வனத்துறை பொருத்தியது. தண்டவாளத்தை நோக்கி யானை வந்தால் அவை எச்சரிக்கை அனுப்பும். அக்காமிராக்களின் படங்களில் அழகு ஏதுமில்லை. யானை சாம்பல் நிறப் புள்ளியாய்த் தெரியும். ஆயினும் யானைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே அங்கு வேண்டப்படுவது. நெற்றியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினால் ரயிலை நிறுத்த இயலாது.

வால்பாறையிலிருந்து கொணர்ந்த படங்களில் பன்னிரண்டை அச்சிட்டோம். ஒவ்வொன்றின் பின்னும் பென்சிலால் நாள், நேரம், வளைவின் எண், எவ்வளவு தொலைவில் நின்றோம், எந்தப் பக்கம் எவ்வளவு நறுக்கினோம் என்று குறித்து வைத்திருக்கிறோம். நறுக்காத முழுப் படங்களையும் தனியே பாதுகாக்கிறோம். இருவாச்சிப் படத்தில் மட்டும் மரம் இருக்கும் இடத்தை எழுதவில்லை. ஓட்டுநர் தம் வீட்டுக்கென்று ஒரு படம் கேட்டார். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றோம். சிறிது நேரம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், ஆடு இத்தனூண்டு தெரியும் படத்தையே எடுத்துக்கொண்டார். அதன் கீழ் மூலையில், ஆழியாற்றுக்கு அப்பால், அவர் ஊர்த் தென்னந்தோப்புகள் தெரிகின்றனவாம்.